அஜித்துக்கு வேலை போன கதை

தலைப்பைப் பார்த்துவிட்டு ஓடி வந்த ரசிகப் பெருமக்கள் மன்னிக்கவும். இது அந்த அஜித் இல்லை. இவர் வங்காளி, பெயர் அஜித் பந்தோபாத்யாய். கல்கத்தா ஹாரிசன் ரோடில் குடியிருந்தவர். 1932-இல் ஒரு வேலையில் சேர்ந்தார். நடுவில் பதினைந்து வருஷம் கட்டாய லீவு. திரும்பவும் அதே வேலை. கடைசியில், வயசான காலத்தில், 'உன் பாஷை பழசாகிவிட்டது' என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

என்ன வேலை என்கிறீர்களா? துப்பறியும் கதைகளைச் சொல்கிற வேலை. அனுப்பியது யார் என்பதைப் பின்னால் சொல்கிறேன். துப்பறியும் கதை பற்றி எழுதும்போது எல்லாவற்றையும் முதல் பத்தியிலேயே உடைத்துவிட்டால் நன்றாகவா இருக்கும்?

முதலில் என் சொந்தக் கதை. ஆறு மாதமாக ராத்திரி சாப்பாடு முடிந்ததும் ஒரு துப்பறியும் நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். புனேயில் ஒரு ஹவுசிங் சொசைட்டி. விநாயகர் சதுர்த்திக்கு வசூல் செய்த பணம் காணாமல் போகிறது. வழக்கம்போல வாட்ச்மேன் மேல் பழி. அதே கட்டடத்தில் மூன்றாவது மாடியில் இருக்கும் ஒரு ரிட்டையர்ட் ரயில்வே ஆடிட்டர், நம்ம ஊர்க்காரர், உண்மையைக் கண்டுபிடிக்கிறார். ஆடிட்டரே 'நான், நான்' என்று கதை சொல்வதாக மூன்று அத்தியாயம் எழுதி, என் மனைவியிடம் கொடுத்தேன். பீன்ஸ் நறுக்கிக்கொண்டே படித்தாள்.

"ஏங்க, இந்த ஆளுக்கு ரெண்டாவது அத்தியாயத்துலயே யார் எடுத்ததுன்னு தெரிஞ்சு போச்சே. அப்புறம் எதுக்கு நம்மகிட்ட மட்டும் சொல்லாம இழுத்துக்கிட்டே போறார்?"

பதில் சொல்ல முடியவில்லை. அன்றைக்கு ராத்திரி தூக்கமும் வரவில்லை. பிறகு தேடிப் பார்த்தால், பீன்ஸ் நறுக்கிக்கொண்டே அவள் கேட்ட கேள்வி, துப்பறியும் கதை என்று ஒன்று பிறந்த நாளிலிருந்து இருக்கிற கேள்வி என்று தெரிந்தது. உலகத்துப் பெரிய கைகள் எல்லாம் இதோடு மல்லுக்கட்டியிருக்கிறார்கள். அந்த மல்யுத்தத்தின் வரலாறுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். ஞாயிற்றுக்கிழமை காபியோடு உட்காருங்கள்.

பள்ளிக்கூடத்தில் தமிழ் ஐயா சொல்லிக் கொடுத்த தன்மை, முன்னிலை, படர்க்கை ஞாபகம் இருக்கிறதா? அதுதான் இங்கே சிக்கல். துப்பறிகிறவரே தன்மையில் கதை சொன்னால், தனக்குத் தெரிந்ததை மறைக்க வேண்டியிருக்கும். அது வாசகனை ஏமாற்றுவது. எல்லாம் தெரிந்த ஆசிரியர் படர்க்கையில் சொன்னால் வேறு வம்பு. எல்லார் மனசுக்குள்ளும் புகுந்து வருகிறவர் ஒரே ஒருத்தர் மனசுக்குள் மட்டும் நுழையாமல் தாண்டிப் போனால், 'ஆஹா, இவன்தான் திருடன்' என்று நாம் கண்டுபிடித்துவிடுவோம். மறைப்பது தெரியாமல் மறைக்க வேண்டும். அதேசமயம் பொய்யும் சொல்லக் கூடாது. எப்படி?

முதல் விடையைச் சொன்னவர் எட்கர் ஆலன் போ. 1841-இல் அமெரிக்காவில் ஒரு பத்திரிகையில் அவர் எழுதிய 'ரூ மார்க் கொலைகள்' கதையைத்தான் முதல் துப்பறியும் கதை என்பார்கள். கதை நடப்பது பாரிசில். துப்பறிபவர் துப்பேன். ஆனால் கதையைச் சொல்வது அவரில்லை, கூடவே இருக்கிற ஒரு நண்பர். அந்த நண்பருக்குப் பெயர்கூடக் கிடையாது. இரண்டு பேரும் ஒரு நூலகத்தில் ஒரே அபூர்வமான புத்தகத்தைத் தேடி வந்தபோது சந்தித்தவர்கள், பிறகு ஒரு பழைய வீட்டில் சேர்ந்து குடியிருக்கிறார்கள். நம்ம ஊர் பேச்சிலர் ரூம்மேட்ஸ் மாதிரி.

இது எவ்வளவு பெரிய கண்டுபிடிப்பு என்று இன்றைக்கு நமக்குத் தெரிவதில்லை, பழகிவிட்டது. ரூம்மேட்டுக்கு துப்பேன் பார்ப்பதெல்லாம் தெரியும், துப்பேன் நினைப்பது தெரியாது. அதனால் அவர் எதையும் மறைக்கவில்லை. தனக்குத் தெரிந்ததை முழுக்கச் சொல்கிறார், ஆனாலும் முடிச்சு அவிழவில்லை. நேர்மைக்கு நேர்மையும் ஆச்சு, மர்மத்துக்கு மர்மமும் ஆச்சு.

இங்கிலாந்தில் வில்கி காலின்ஸ் வேறு வழியில் போனார். 1868-இல் தொடர்கதையாக வந்த 'மூன்ஸ்டோன்'. அதில் காணாமல் போகும் வைரம் நம்ம பக்கத்து வைரம்தான். 1799-இல் திப்பு சுல்தான் விழுந்த ஸ்ரீரங்கப்பட்டண முற்றுகையில் ஒரு ஆங்கில அதிகாரி கொள்ளையடித்துக்கொண்டு போவதாகக் கதை ஆரம்பிக்கிறது. அந்த வைரம் இங்கிலாந்தில் ஒரு வீட்டில் திருடு போகிறது. காலின்ஸ் கதையை ஒருவரிடம் கொடுக்கவில்லை. வீட்டுப் பழைய வேலைக்காரர் கொஞ்சம், பக்திமானான ஒரு உறவுக்காரப் பெண்மணி கொஞ்சம், வக்கீல் கொஞ்சம் என்று கோர்ட்டில் சாட்சிகள் வருகிற மாதிரி ஒவ்வொருவராக வந்து சொல்கிறார்கள். காலின்ஸும் வக்கீலுக்குப் படித்தவர்தான். ஒரே ஒரு நிபந்தனை: அந்த நேரத்தில் தனக்கு என்ன தெரியுமோ அதை மட்டும்தான் சொல்ல வேண்டும். பின்னால் தெரிந்துகொண்டதை முன்னால் கொண்டுவந்து வைக்கக் கூடாது.

(இந்தப் பத்தியில் கதையின் முடிச்சு உடைகிறது. படிக்காதவர்கள் தாண்டிப் போங்கள்.) எல்லாரையும் எழுதச் சொல்லி வாக்குமூலங்களைத் திரட்டுகிற இளைஞன் ஃபிராங்க்ளின் பிளேக்கும் நடுவில் வந்து கதை சொல்கிறான். மூச்சைப் பிடித்துக்கொண்டு திருடனைத் தேடுகிறான். கடைசியில் பார்த்தால், அன்று ராத்திரி தனக்குத் தெரியாமல் கொடுக்கப்பட்ட அபினியின் மயக்கத்தில் வைரத்தை அந்த அறையிலிருந்து எடுத்தவன் அவனேதான். அவனுக்கே அது ஞாபகம் இல்லை! ஒரு பொய்கூடச் சொல்லாமல் தன்னைத்தானே தேடியிருக்கிறான். தன்மையில் கதை சொல்கிறவருக்குத் தன்னைப் பற்றியே எல்லாம் தெரிந்திருக்கும் என்று யார் சொன்னது?

அப்புறம் வந்தார் நம்ம டாக்டர் வாட்சன். 1887-இல் கானன் டாயில் எழுதிய முதல் ஹோம்ஸ் நாவலிலேயே ஆஜர். போவின் ரூம்மேட் யோசனைதான். ஆனால் பெயரில்லாத நண்பருக்கு டாயில் பெயர் கொடுத்தார், டாக்டர் தொழில் கொடுத்தார், ஆப்கானிஸ்தான் யுத்தத்தில் பட்ட காயம் கொடுத்தார், ஒரு மனசும் கொடுத்தார். ஹோம்ஸ் கதைகள் மொத்தம் 60. அதில் 56-ஐச் சொல்வது வாட்சன். மீதி நாலில் இரண்டு படர்க்கையில். இன்னும் இரண்டில் சாட்சாத் ஹோம்ஸே பேனாவைப் பிடிக்கிறார். இரண்டும் 1926-இல் வந்தவை.

அதில் ஒரு கதையின் தொடக்கம் வேடிக்கையாக இருக்கும். வாட்சன் கதையை அலங்காரம் செய்து எழுதுகிறார் என்று அத்தனை வருஷமாகக் குறை சொல்லிக்கொண்டிருந்தவர் ஹோம்ஸ். தானே எழுத உட்கார்ந்ததும், வாசகனுக்குச் சுவாரஸ்யமாகச் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது என்று ஒத்துக்கொள்கிறார். வாட்சனாக இருந்தால் நடுவில் சில கண்ணிகளை மறைத்துக் கடைசியில் திகைக்க வைத்திருப்பார், தன்னால் முடியவில்லையே என்கிற மாதிரியும் ஒரு இடம் வருகிறது. என் மனைவி கேட்ட அதே கேள்விதான். கேட்டது பீன்ஸ் நறுக்கிக்கொண்டு இல்லை, பேக்கர் தெருவில். அவ்வளவுதான் வித்தியாசம். :-)

அதே 1926-இல் இன்னொரு குண்டு வெடித்தது. அகதா கிறிஸ்டியின் 'ரோஜர் அக்ராய்டின் கொலை'. (மறுபடியும் எச்சரிக்கை. இது நிஜமாகவே பெரிய முடிச்சு. இன்னும் படிக்காத புண்ணியவான்கள் அடுத்த இரண்டு பத்தியையும் தாண்டிவிடுங்கள்.)

1920-இல் வந்த கிறிஸ்டியின் முதல் நாவலில் பொய்ரோவுக்கு ஹேஸ்டிங்ஸ் என்ற வாட்சன் இருந்தார். அவருக்குக் கல்யாணம் செய்து அர்ஜென்டினாவுக்கு அனுப்பிவிட்டு, இந்த நாவலில் கதை சொல்ல ஒரு கிராமத்து டாக்டரைப் போட்டார். டாக்டர் என்றதும் வாசகனுக்கு வாட்சன் ஞாபகம் வரும், கண்ணை மூடிக்கொண்டு நம்புவான். கொலைகாரர் அந்த டாக்டர்தான். கதையைத் திரும்பிப் படித்தால் டாக்டர் ஒரு பொய்கூடச் சொல்லியிருக்க மாட்டார். கொலை நடந்த பத்து நிமிஷத்தை ஒரே மூச்சில் தாண்டிப் போயிருப்பார், அவ்வளவுதான். இந்த மாதிரி ஒரு கதை எழுதலாமே என்று கிறிஸ்டிக்கு யோசனை சொன்னவர்கள் இரண்டு பேர். ஒருவர் அவருடைய அக்காவின் கணவர். இன்னொருவர் கடிதம் எழுதிச் சொன்ன ஒரு கப்பற்படை அதிகாரி. பின்னாளில் இந்தியாவின் கடைசி வைஸ்ராயாக வந்த அதே மவுண்ட்பேட்டன்! நம் தாத்தாக்களின் காலத்தில் நாட்டைப் பிரிக்க நாள் குறித்தவர், அதற்கு முன்னால் டாக்டரைக் கொலைகாரராக்கவும் ஒரு கை கொடுத்திருக்கிறார்.

ஏமாற்றுவேலை என்று அப்போது சிலர் கொதித்தார்கள். 1929-இல் ரொனால்ட் நாக்ஸ் என்ற பாதிரியார் துப்பறியும் கதைக்குப் பத்துக் கட்டளைகள் எழுதினார். அதில் இரண்டு இந்த விஷயத்தைப் பற்றித்தான். வாசகன் யாருடைய மனசுக்குள் போய்வர அனுமதிக்கப்பட்டானோ, அவரே குற்றவாளியாக இருக்கக் கூடாது. கூடவே வரும் அசட்டு நண்பர் தன் மனசில் ஓடும் எதையும் வாசகனிடம் மறைக்கக் கூடாது. நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் 2013-இல் பிரிட்டனின் குற்ற எழுத்தாளர் சங்கத்தார் ஓட்டுப் போட்டு, இதுவரை வந்ததிலேயே சிறந்த குற்ற நாவல் என்று தேர்ந்தெடுத்தது கிறிஸ்டியின் அந்த நாவலைத்தான்.

எச்சரிக்கை முடிந்தது, தாண்டியவர்கள் திரும்பி வரலாம். அமெரிக்காவில் ரேமண்ட் சாண்ட்லரின் மார்லோ, 1939-இல் வந்த முதல் நாவலிலிருந்தே தானே தன்மையில் பேசுகிறாரே, அங்கே என் மனைவியின் கேள்வி எழாதா என்று நீங்கள் கேட்கலாம். எழாது. மார்லோ கதையில் 'யார் செய்தது' என்பதைவிட அந்த மனுஷனும் லாஸ் ஏஞ்சலஸ் நகரமும்தான் முக்கியம். என்னுடைய ஆடிட்டரை அப்படி ஒரு ஆளாக எழுத எனக்குக் கை வரவில்லை. உண்மையைச் சொல்வதில் என்ன வெட்கம்.

தமிழில் என்ன நடந்தது? நாம் வளர்ந்த துப்பறியும் கதைகளில் படர்க்கைதான் ராஜா. தமிழ்வாணனின் சங்கர்லால் டீ குடிப்பதை நாம் வெளியே நின்றுதான் பார்த்தோம். நான் வியப்பது தேவனை. 1942-இல் விகடனில் ஆரம்பித்த 'துப்பறியும் சாம்பு'வை எடுத்துக்கொள்ளுங்கள். சாம்பு அசடு. எல்லாம் குருட்டு அதிர்ஷ்டம். இந்தக் கதையை சாம்புவே சொன்னால் என்ன ஆகும்? சிரிப்பு போய்விடும். இன்ஸ்பெக்டர் கோபாலன் வாட்சன் மாதிரி சொன்னால்? அவர் சாம்புவை மேதை என்று நம்புகிறவர், நாமும் நம்பிவிடுவோம். இரண்டு பேரையும் ஒரே சமயத்தில் பார்க்கிற ஒரு மூன்றாவது ஆள் வேண்டும். தேவன் அங்கேதான் போய் நின்றார். ஷெர்லக் ஹோம்ஸ் வழியைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டவர், கதை சொல்லும் இடத்தையும் சரியாக மாற்றினார். சின்ன வயசில் விழுந்து விழுந்து சிரித்தபோது இது உறைக்கவில்லை.

சரி, அஜித்துக்கு வருவோம்.

1993-இல் தூர்தர்ஷனில் பாசு சட்டர்ஜி எடுத்த 'வ்யோம்கேஷ் பக்ஷி' தொடர் வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? ரஜித் கபூர் வேட்டி கட்டிக்கொண்டு அமைதியாகத் துப்பறிவார். பக்கத்தில் கே.கே. ரைனா. அந்த ரைனா ஏற்ற பாத்திரம்தான் நம் அஜித். டிவியில் பார்த்தபோது 'கூட வருகிற ஆள்' என்றுதான் நினைத்தேன். கேமரா கதை சொல்லும்போது கதைசொல்லிக்கு வேலை ஏது? பல வருஷம் கழித்து ஸ்ரீஜாதா குஹாவின் ஆங்கில மொழிபெயர்ப்பில் படித்தபோதுதான், இந்த ஆள்தான் மொத்தக் கதைகளுக்கும் ஆணிவேர் என்று புரிந்தது.

வங்காளத்தில் துப்பறியும் எழுத்துக்குப் பழைய சரித்திரம் உண்டு. கல்கத்தா போலீசில் வேலை பார்த்த பிரியநாத் முகோபாத்யாய் 1892-லிருந்து 'தரோகார் தப்தர்' என்ற பெயரில் தன் வழக்குகளைத் தானே எழுதினார். தரோகாவே தன்மையில் பேசுகிற எழுத்து. சரதிந்து பந்தோபாத்யாய் 1932-இல் பியோம்கேஷை எழுதத் தொடங்கியபோது அந்த வழியை எடுக்கவில்லை. ரூம்மேட் வழியை எடுத்தார். ஆனால் அதில் தன் கைவரிசையைக் காட்டினார். 'சத்யான்வேஷி' கதையில் அஜித் ஒரு கல்கத்தா மெஸ்ஸில் தங்கியிருக்கிறார். அதுல் என்று ஒரு புது ஆள் வந்து அறையில் சேர்ந்துகொள்கிறார். ஆளின் போக்கு சந்தேகமாக இருக்கிறது. ஒரு கட்டத்தில் போலீசே பிடித்துக்கொண்டு போகிறது. அந்த அதுல்தான் மாறுவேஷத்தில் வந்த பியோம்கேஷ்! அஜித்துக்குத் தெரியாததால் நமக்கும் தெரியவில்லை. துப்பறிபவர் மேலேயே வாசகனைச் சந்தேகப்பட வைத்துவிட்டார் மனுஷன்.

இந்த சரதிந்து யார்? இங்கேதான் எனக்கு நெஞ்சைத் தொட்டது. 1899-இல் பிறந்தது உத்தரப் பிரதேசத்து ஜான்பூரில். வளர்ந்தது பீகாரின் முங்கேரில். கல்லூரிக்குத்தான் கல்கத்தா. 1938-இல் சினிமாவுக்குத் திரைக்கதை எழுத பம்பாய் போனார், பாம்பே டாக்கீஸில் சேர்ந்தார். அப்போதுதான் அஜித்துக்கு அந்தப் பதினைந்து வருஷ லீவு. 1951-இல் பியோம்கேஷைத் திரும்பவும் கையில் எடுத்தார். 1952-இல் சினிமாவை விட்டுவிட்டுக் குடியேறியது எங்கே தெரியுமா? இதோ, நான் உட்கார்ந்திருக்கிற இதே புனேயில்.

வெளியூரில் வாழும் வங்காளிக்கு அவர்கள் மொழியில் 'ப்ரொபாஷி' என்று பெயர். கல்கத்தாவின் சந்துகளையும் மெஸ்களையும் மழைச் சாயங்காலங்களையும் அப்படி எழுதிய ஆள், வாழ்க்கையில் பெரும்பகுதி ப்ரொபாஷி. முத்தா நதிக்கரை ஊரில் உட்கார்ந்துகொண்டு ஹாரிசன் ரோடை எழுதினார். நம்ம கட்சி!

எங்கள் எதிர் ஃப்ளாட்டில் ஒரு வங்காளிப் பெரியவர் இருக்கிறார். வங்காளம் எனக்குப் படிக்கத் தெரியாது. என் நாவல் தகராறைச் சொன்னதும் சிரித்துவிட்டு, உள்ளே போய் சரதிந்துவின் புத்தகத்தைக் கொண்டுவந்தார். 1968-இல் வந்த 'பேணீசங்ஹார்' கதையின் ஆரம்பத்தைப் படித்து இந்தியில் சொன்னார். அங்கே ஆசிரியரே அறிவிக்கிறாராம், இனிமேல் அஜித்தைக் கொண்டு கதை எழுத வைப்பதில் பிரயோஜனம் இல்லை என்று. காரணம்? அவன் பாஷை பழசு. இன்றைய பேச்சுவழக்கு எழுத்து அவனுக்கு இன்னும் கைவரவில்லை. போதாததற்குப் புத்தகக் கடை வியாபாரத்தில் வேறு மூழ்கிவிட்டான். அதனால் தானே எழுதிக்கொள்கிறேன் என்கிறாராம் சரதிந்து. 1960களின் நடுவிலிருந்தே கடைசிக் கதைகளை அவர் படர்க்கைக்கு மாற்றிவிட்டிருந்தார். 1970-இல் அவர் காலமானபோது முடியாமல் நின்றுபோன கதையோடு சேர்த்தால் பியோம்கேஷ் கதைகள் மொத்தம் 33.

வங்காளத்தில் சாது பாஷை என்று இலக்கண சுத்தமான ஒரு பழைய எழுத்துநடை, சலித் பாஷை என்று பேச்சை ஒட்டிய புது நடை. நம் செந்தமிழ், பேச்சுத்தமிழ் சண்டைக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சண்டையில் அஜித் பழைய பக்கம் மாட்டிக்கொண்டார்.

எனக்கு ஒரு சந்தேகம். இது என் ஊகம்தான், ஆதாரம் கேட்காதீர்கள். பாஷை பழசாகிவிட்டது என்று சரதிந்து சொன்னது அஜித்தை மட்டும்தானா? ஊரை விட்டு முப்பது வருஷம் வெளியே இருந்தவருக்கு, தன் காதில் இருக்கும் கல்கத்தாவும் இன்றைய கல்கத்தாவும் ஒன்றில்லை என்று ஒரு ராத்திரி உறைத்திருக்காதா? பழியைப் பாவம் கதைசொல்லி தலையில் போட்டுவிட்டாரோ?

எனக்கு இப்படித் தோன்றக் காரணம் உண்டு. நான் திருநெல்வேலியை விட்டுக் கிளம்பியது 1995-இல். போன மாதம் அக்கா பையனிடம் போனில், "கொட்டகையில என்ன படம்டா ஓடுது?" என்று கேட்டேன். அவன் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. "மாமா, கொட்டகைன்னு எங்க தாத்தாதான் சொல்வார்." ஒன்பதாம் வகுப்பு படிக்கிற என் மகள், எழுத்துக்கூட்டித் தமிழ் படிப்பவள், என் நாவலின் முதல் அத்தியாயத்தை இரண்டு நாள் உட்கார்ந்து படித்தாள். படித்துவிட்டு, "நல்லா இருக்குப்பா. ஆனா தாத்தா பேசற மாதிரி இருக்கு" என்றாள். தாத்தா காலமாகி நாலு வருஷம் ஆகிறது. அவள் பாராட்டாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் தொண்டையில் என்னவோ அடைத்தது.

நாம் எல்லாரும் இப்படித்தான், இல்லையா? ஊரை விட்டுக் கிளம்பிய அன்றைக்கு நம் தமிழ்க் கடிகாரம் நின்றுவிட்டது. அங்கே தமிழ் ஓடிக்கொண்டே இருக்கிறது. நம் வாயில் மட்டும் எஸ்.டி.டி. பூத், கேசட், கொட்டகை. சென்னை என்று பெயர் மாறியது 1996-இல். அதற்கு ஒரு வருஷம் முன்னால் கிளம்பியவன் நான், இன்றைக்கும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டால் மெட்ராஸ் என்றுதான் சொல்வேன். இந்த பாஷையை வைத்துக்கொண்டு யாருக்குக் கதை சொல்வது? அஜித்தை வீட்டுக்கு அனுப்ப சரதிந்து இருந்தார். என்னை அனுப்ப யாரும் இல்லை, நானே போய்விட வேண்டியதுதானா?

முதலில் சத்யஜித் ராய் வழியை முயன்று பார்த்தேன். 1965-இல் 'சந்தேஷ்' என்ற சிறுவர் பத்திரிகையில் ஃபெலுதாவை ஆரம்பித்தபோது, கதை சொல்லும் வேலையை அவர் தொப்ஷே என்ற பையனிடம் கொடுத்தார். ஃபெலுதாவின் சித்தப்பா மகன், பதின்மூன்று, பதினாலு வயசு. படிக்கிற பிள்ளைகளின் வயசு. பின்னால் அந்தக் கதைகளில் ஜடாயு என்று ஒரு மர்ம நாவலாசிரியரே பாத்திரமாக வந்து சேர்ந்தும், பேனாவை ராய் அவரிடம் கொடுக்கவில்லை. எழுத்தாளரைக் காமெடிக்கு வைத்துக்கொண்டு, கதையைப் பையனிடமே விட்டுவைத்தார். அபாரம்! நானும் கதையை ஒரு பதினாலு வயசுப் பெண் சொல்வதாக மாற்றினேன். தமிழ், இந்தி, மராட்டி, ஆங்கிலம் எல்லாம் கலந்த அவள் தமிழில் ஒரு அத்தியாயம். மகள் படித்தாள். "அப்பா, நாங்க இப்படிப் பேச மாட்டோம்." தீர்ப்பு அவ்வளவுதான், அப்பீல் கிடையாது.

அப்புறம்தான் இந்தப் பெரியவர்கள் சொல்லிக் கொடுத்த பாடம் புரிந்தது. போவின் நண்பரிலிருந்து தொப்ஷே வரைக்கும் பாருங்கள். கதைசொல்லிக்கு எது தெரியாதோ, அதுதான் அவருடைய பலம். வாட்சனுக்கு ஹோம்ஸின் மனசு தெரியாது, பிளேக்குக்குத் தன் ராத்திரி தெரியாது, அஜித்துக்குத் தன் அறையில் படுத்திருப்பவர் யாரென்று தெரியாது. நல்ல ஆசிரியர் அந்தக் குறையைப் பூசி மறைக்கவில்லை, அதன் மேல்தான் கதையையே கட்டினார். அப்படியென்றால் என் குறை, என் பழைய தமிழ். அதை ஏன் மறைக்க வேண்டும்?

இப்போது என் நாவலில் கதையைச் சொல்வது ஆடிட்டர் இல்லை. அவருடைய எதிர் ஃப்ளாட்காரர், 1995-இல் திருநெல்வேலியை விட்டு வந்தவர். வாட்ச்மேன்தான் பணத்தை எடுத்தான் என்று தமிழில் ஒரு மொட்டைக் கடிதம் ஆடிட்டர் வீட்டுக் கதவுக்கு அடியில் வருகிறது. ஆடிட்டர் கையெழுத்தைப் பார்க்கவில்லை, காகிதத்தைப் பார்க்கவில்லை. வார்த்தைகளைப் பார்க்கிறார். இதை எழுதியவர் ஊரை விட்டுக் கிளம்பி இன்னின்ன வருஷம் ஆகிறது என்று சொல்லிவிடுகிறார். எந்த வார்த்தை நம்மோடு கிளம்பி வந்தது, எந்த வார்த்தை நாம் கிளம்பிய பிறகு ஊரில் பிறந்தது என்பது கைரேகை மாதிரி. வேண்டுமானால் அழிக்கப் பார்க்கலாம், பேச்சு சுவாரஸ்யத்தில் எங்கேயாவது பதிந்துவிடும். ஒரு அப்பாவி வாட்ச்மேனைக் காப்பாற்றப் போவது அந்தப் பழைய தமிழ்தான்.

நேற்று ராத்திரி புது அத்தியாயங்களை மனைவியிடம் கொடுத்தேன். இந்தத் தடவை கத்தி, பீன்ஸ் எல்லாவற்றையும் கீழே வைத்துவிட்டுப் படித்தாள். நடுவில் நிறுத்தி, கடிதம் வருகிற பக்கத்துக்குத் திரும்பிப் போனாள். மறுபடி முதல் பக்கத்துக்கு வந்தாள். அப்புறம் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தாள்.

"ஏங்க, அந்தக் கடுதாசில இருக்கற வார்த்தை எல்லாம் இந்த எதிர் ஃப்ளாட்காரர் பேசறாரே?"

நான் பதில் சொல்லவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டேன்.